பிள்ளைகளின் கட்டத்தில் இரண்டு பெயர்கள்

வானொலிப் பெட்டிக்கு இரண்டு பற்றரி வாங்கப் போனாலும் இந்த ஊர்க் கடையில் முதலில் தொலைபேசி எண்ணைக் கேட்கிறார்கள். நாம் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். கல்லாவில் நிற்கும் பெண் காசைப் பார்ப்பதில்லை. விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு எண்ணுக்காகக் காத்திருக்கிறாள். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் இது ஏதோ விசாரணை என்று பயந்து, பற்றரியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன். அப்போது என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர்கள் வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார்கள். நான் இப்போது எங்கள் வீட்டின் உண்மையான எண்ணைத்தான் சொல்கிறேன், ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி. அந்த எண்ணை மறைக்கும் உரிமை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அது ஏன் என்று சொல்வதானால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்த கதையைச் சொல்லவேண்டும்.

எதற்கும் திகதி குறித்து வைப்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் பழக்கம். வெள்ளம் கடலுக்கு ஓட ஆற்று வாய் வெட்டிய நாள், கோயிற் கொடியேறிய நாள், பாலம் மூடிய நாள், திறந்த நாள் எல்லாம் எழுதிவைப்பேன். இராணுவத்தின் சுற்றிவளைப்புகள் தொடங்கிய காலத்தில், திகதி எழுதிய கொப்பி வீட்டில் இருப்பதே ஒரு குற்றமாகிவிட்டதால் கொப்பிகளை அடுப்பில் போட்டேன். மனதில் இருந்தவற்றை எரிக்க முடியவில்லை. ஆனாலும் இந்தக் கட்டுரையில் திகதிகளை விட்டுவிடுகிறேன். இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். யுத்தமும் அங்கேதான் இருக்கிறது.

அகதிக் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற கடிதம் வந்ததும், இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அன்றுதான் தொடங்கியது. ஏற்றுக்கொள்ளப்பட்டவன் குறித்த காலத்துக்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஊரில் இருக்கும் மனைவி பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். என் மனைவி யோகமும் பிள்ளைகளும் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் இருந்தார்கள். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில், படிவம் நிரப்பிக் கொடுக்கும் யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் இருந்தார். முன்னர் ஆசிரியராக இருந்தவராம். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள். கடந்த பத்து ஆண்டுகளில் இருந்த முகவரிகளை இடைவெளி இல்லாமல் எழுதவேண்டும் என்ற பக்கத்தில் அவர் பேனையை நிறுத்தினார்.

"கலியாணத்துக்குப் பிறகு முகவரி மாறியிருக்கு. வீடு வாங்கினனீரோ?"

"இல்ல மாஸ்டர். மனுசிட வீட்டுக்குப் போனன். எங்கட பக்கம் ஆம்பிளதான் போறது."

"ஓ, அப்ப சரிதான். மட்டக்களப்புக்குப் போனவனை மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வைச்சிடுவினம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது. உம்மட ஊரிலை உம்மையே ஒட்ட வைச்சிட்டினமே!"

"பாய் மட்டுமில்ல மாஸ்டர், வீடு வளவெல்லாம் அவங்கடதான். ஒட்டாட்டி எங்க படுக்கிற?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பிள்ளைகள் என்ற கட்டத்துக்கு வந்தார். நான் யோசிக்கவேயில்லை. சாந்தினி, செல்வி என்று இரண்டு பெயர் சொன்னேன். அவர் எழுதினார்.

சாந்தினி நான் பெற்ற பிள்ளையல்ல. யோகத்தின் அக்கா நல்லம்மாவின் மகள். இதை மறைக்கும் எண்ணம் எனக்கு அணுவளவும் இருக்கவில்லை. கேட்டால்தானே சொல்வது, அந்தக் கட்டம் அதைக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மூத்தவளுக்குத் தாய்வீடு, இளையவளுக்கு அதே வளவுக்குள் இன்னொரு வீடு. குடியும் தாய்வழியே வரும். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லி அழைக்கும்போது, சாந்தினியும் செல்வியும் ஒரே அழைப்பில் அடங்குவார்கள். நான் வேறு அழைப்பில் தனியே நிற்பேன். ஒல்லாந்தர் ஆட்களையும் காணிகளையும் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதிய காலத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம், எங்கள் வளவைப் பார்த்திருந்தால் அவர்கள் யாரை யாருக்குக் கீழே எழுதியிருப்பார்கள் என்று யோசிப்பேன். கனடாப் படிவத்தில் எனக்குப் பெயர் 'பிரதான விண்ணப்பதாரர்'. ஊரில் அந்த வளவுக்கு நான் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவன்.

எனக்கு முன்னர் அப்படி வந்து சேர்ந்தவர் சாந்தினியின் தகப்பன் தருமலிங்கம். நான் தருமண்ணன் என்பேன். யுத்தம் மறுபடி மூண்ட வருடத்துக்கு அடுத்த வருடம், ஒரு காலை, மண்முனைத் துறையால் ஆற்றைக் கடந்து படுவான்கரைக்குப் போனார். அவருடைய வயல் அக்கரை வட்டையில் இருந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரம். தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மதியச் சோற்றுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். தேத்தண்ணீர் குடித்த கோப்பையை என் கையில் தந்தார். கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை, "தண்ணியப் பாக்கிறத்துக்குக் கண்ணாடி என்னத்துக்கு?" என்றார். அன்று அக்கரையில் சுற்றிவளைப்பு. அவரோடு பிடிபட்ட இருவர் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. நல்லம்மா முகாம் முகாமாக நடந்தாள். அடுத்த மாரியில் காய்ச்சல் கண்டு, ஆசுபத்திரிக்குப் போகும் பாதை மூடியிருந்த நாளொன்றில், குங்குமத்தோடேயே போய்ச் சேர்ந்தாள். பிறகு சாந்தினியை யார் வளர்ப்பது என்று வளவுக்குள் யாரும் கூடிப் பேசவில்லை. யோகம் அன்றிரவு சோறு போடும்போது அவளுக்கும் ஒரு சோற்றுக் கோப்பையை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தின் செலவைப் பற்றி இங்கே புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் ஒன்று. நிரந்தரமாக இறங்கும் உரிமைக்கென்று தனியாக இன்னொன்று. நெஞ்சைப் படம் பிடிக்க, இரத்தம் எடுக்க, அவர்கள் குறித்துத் தந்த வைத்தியரிடம்தான் போகவேண்டும். அவர் கேட்பதைக் கொடுக்கவேண்டும். ஒரு பக்கத் தமிழை ஆங்கிலமாக்கி முத்திரை குத்தித் தருகிறவருக்கு, நான் மெத்தைத் தொழிற்சாலையில் ஒரு ஷிப்ற் நின்ற காசு போய்விடும். பிறப்புச் சான்றிதழின் பின்பக்கத்தில் பதிவாளரின் இறப்பர் முத்திரை மட்டுமே இருந்தது; அதையும் ஒரு பக்கமாகக் கணக்கிட்டார். ஊரில் ஒரு பொலிஸ் அறிக்கை எடுக்க யோகம் கொழும்புக்குப் போய்வரவேண்டும். வழியெல்லாம் இறங்கி ஏறி, பையைக் கொட்டிக் காட்டி, பிறகு லொட்ஜில் பொலிஸ் பதிவு. இதையெல்லாம் நான் கணக்குப் பார்த்துக் கடன்பட்டுச் சமாளித்தேன். சமாளிக்க முடியாத செலவு வேறிடத்திலிருந்து வந்தது.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி நடுத்தர வயதுப் பெண். மேசையில் பூச்சாடி, அதற்குப் பக்கத்தில் என் கோப்பு. என் ஆங்கிலம் போதும் என்று மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்றது என் தலைக்கனம். அவர் சாந்தினி என் மகளா என்று கேட்டார். ஆம் என்றேன்.

"பிறப்புச் சான்றிதழில் தகப்பன் தருமலிங்கம் என்று இருக்கிறது. இவர் யார்?"

"சாந்தினியின் அப்பா."

"அப்படியானால் நீங்கள்?"

"நானும் அப்பாதான்."

அவர் பேனையால் நெற்றியைத் தட்டினார். "தாயை மறுமணம் செய்தீர்களா?"

"ஐயோ, இல்லை. தாயின் தங்கையை."

"தாய் உயிரோடு இருக்கும்போதா?"

"ஆம். எல்லோரும் ஒரே வளவில்தான் இருந்தோம்."

அவர் முகம் மாறியது. அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதிய பிறகே எனக்கு விளங்கியது, நான் இரண்டு சகோதரிகளை மணந்தவன் என்று பதிவாகிக்கொண்டிருக்கிறேன் என்பது. ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, வளவைக் கீறி, இரண்டு வீட்டையும் கீறி, யார் எந்த வீடு என்று விளக்கினேன். அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். நல்ல மனுஷி. பொய் சொன்னதாக எழுதமாட்டேன் என்றார். ஆனால் வழி இரண்டுதான் உண்டு என்றார். சாந்தினியின் பெயரை இப்போதே எடுத்துவிட்டால், மனைவியும் பெற்ற மகளும் சீக்கிரம் வந்துவிடுவார்கள்; பிறகு அந்தப் பெண்ணை மகளென்று கூப்பிட வழியே இல்லாமல் போகலாம். பெயர் இருக்கவேண்டுமென்றால் தத்தெடுத்ததற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். அதுவரை மூவருடைய கோப்பும் நிற்கும். போகும்போது அந்தப் படத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

அந்த நாளில் எங்கள் ஊரில் தொலைபேசி இல்லை. யோகம் காத்தான்குடியில் காக்கா என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் தொலைபேசிக் கடைக்கு வருவாள். முதல் நாளே நேரம் சொல்லிவைப்போம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பேர வெட்டச் சொல்லுறாங்களா? ஆரு?"

"ஒபிசில இரிக்கிற அம்மா. நல்ல ஆள்தான். சட்டம் அப்படி."

"வெட்டுறண்டா என்ட பேரையும் சேத்து வெட்டுங்க. அக்கா போனதிலிருந்து நாம இரிக்கிறது ஆருட வீடு? அக்காட வீடு. அக்காக்குப் பிறகு அவள்ட வீடு. வீட்டுக்காரிய வெளிய விட்டுட்டு நாம கனடாக்குப் போறதா? நல்ல கத!"

"செல்விய நினைச்சுப் பாரு. கிழமைக்கொருக்கா சுற்றிவளைப்பு எண்டு நீதானே சொன்ன."

"செல்விக்கு வாற துவக்குச் சன்னம் சாந்தினிக்கு வராதா?"

அவள் அழத் தொடங்கினாள். அழும் சத்தத்துக்குப் பின்னால் காக்காவின் குரல் கேட்டது. "தங்கச்சி, அழுறண்டா போன வச்சிட்டு அழுங்க. மீற்றர் ஓடுது." அவள் அழுகையோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் காசு போனது. பெயரை எடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். மனுதாரர் யோகம், நான் இங்கே நோட்டரி ஒருவர் முன் சத்தியக் கடதாசி முடித்து என் சம்மதத்தை அனுப்பவேண்டும். தாயின் மரணச் சான்றிதழ் இருந்தது. தகப்பன் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். இல்லையென்றால் மரணச் சான்றிதழ் வேண்டும். காணாமற்போய் ஓராண்டு கடந்தவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க அப்போது சட்டம் வந்திருந்தது. குடும்பத்தார் போய்க் கேட்டால் கிடைக்கும். அதாவது, நாங்கள் போய், எங்கள் வாயால், அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவேண்டும்.

யோகம், ஊர் அதிகாரியான விதானையாரிடம் போனாள். அவர் எங்களைத் தெரிந்தவர், அவசரப்படுத்தவில்லை. ஆனால் படிவத்தில் மரணித்த திகதி என்று ஒரு இடம் இருந்தது. அடுத்த அழைப்பில் யோகம் கேட்டாள்.

"திகதி எழுதணுமாம். என்ன எழுத? நீங்கதானே எல்லாத்துக்கும் திகதி வச்சிரிக்கிற ஆள்."

ஆயுளில் முதல் தடவையாக ஒரு திகதி கேட்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் துறைக்குப் போன நாள் தெரியும். அன்று எத்தனையாம் பிறை, ஆற்றில் எந்தப் பக்கத்துக் காற்று என்பதுகூடத் தெரியும். ஆனால் அந்த நாளில் அவர் என் கையில் கோப்பையைத் தந்தவர். உயிரோடு இருந்தவர். அந்த நாளை எப்படி இறந்த நாளாக எழுதுவது? வேறெந்த நாளை எழுதினாலும் அது என் கற்பனை. கடைசியில் விதானையார்தான், கடைசியாகக் கண்ட நாளையே போடுவது வழக்கம் என்று சொல்லியிருக்கிறார். அந்த நாளையே சொன்னேன். சொன்ன பிறகு தொழிற்சாலைக்குப் போய் வேலை முடியும்வரை மெத்தைக்கு நூல் மாற்றிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற போர்த்துக்கேயத் தோழர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை, படிவம் நிரப்பினேன் என்றேன். அவருக்கு அது உடனே விளங்கியது, அவரும் நிரப்பியவர்தான்.

ஆனால் விதானையார் அதை மேலே அனுப்புமுன் யோகம் நிறுத்தி வைத்தாள். சாந்தினிக்கு அப்போது பதின்மூன்று வயது. பத்து வயது கடந்த பிள்ளை தத்துக்குத் தானே சம்மதிக்கவேண்டும் என்பது சட்டம். அவளைக் கேட்காமல் தகப்பனின் கதையை முடிக்கமாட்டேன் என்பது யோகம். காக்காவின் கடைக்கு அவளையும் கூட்டிவந்தாள்.

"சின்னப்பா," என்றாள் சாந்தினி. அப்படித்தான் அழைப்பாள். "செத்தவர் எண்டு எழுதிப்போட்டு, அப்பா வந்து நிண்டா என்ன செய்யிற?"

"வந்தாரெண்டா அந்தக் கடதாசியக் கிழிச்சுப் போடுவம், மகள்."

"கனடாக்காரன் கிழிக்க விடுவானா?"

மீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. காக்கா இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, எழுதுங்க," என்றாள். "கடதாசியில மட்டும்தான். வீட்டில அமுது குடுக்கப்படாது. ஆரும் வீட்ட விக்கவும் படாது. அவர் வந்தா அங்கதானே வருவார்."

அமுது என்பது முப்பத்தோராம் நாள் இறந்தவருக்குப் படைக்கும் சோறு. அது படைத்தால்தான் எங்கள் பக்கத்தில் ஒருவர் போனது உறுதி. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன். நீதிமன்றத்தில் நீதிபதி, உமக்குச் சம்மதமா என்று அவளைக் கேட்டாராம். "கனடா போறத்துக்குச் சம்மதம் ஐயா," என்றாளாம். சட்டத்தரணி இருமினாராம். நீதிபதி மறுபடி, சின்னம்மாவுக்கு மகளாக இருக்கச் சம்மதமா என்று கேட்டதும், அவள் யோகத்தைத் திரும்பிப் பார்த்து, "அது எப்பவோ இரிக்கிறன்தானே," என்றாளாம். கட்டளை கிடைத்தது.

மொழிபெயர்த்த சான்றிதழ்களோடு அதே அதிகாரியிடம் போனேன். அவர் மரணச் சான்றிதழை வாசித்துவிட்டு எழுந்து, என் கையைப் பிடித்து, இழப்புக்கு வருந்துவதாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். பிறகு, அவர் இறக்கவில்லை என்றேன். என் ஆங்கிலத்தில் பிழை என்று நினைத்துவிட்டார். மரணம் இப்படித்தான், நம்பச் சில காலம் எடுக்கும் என்று ஆறுதல் சொன்னார். அவர் முத்திரை குத்தும் வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த மௌனம் சரியா என்று தெரியவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் விசா வந்தது.

அவர்கள் வந்து இறங்கியது பனிக்காலத்தில். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் யோகம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுப் பூட்டின் திறப்பு அவளுடைய தம்பியிடம். அவன் அடுத்த தெருவில், தன் மனைவி வீட்டில் இருக்கிறான். வெள்ளிக்கிழமையில் வந்து கூட்டி விளக்கேற்றுவான்.

"இவள் செஞ்ச வேலையக் கேளுங்க," என்றாள் யோகம். "தோணிக்கு அடிக்கிற நீலப் பெயின்ற் வாங்கி, முன்கதவில உங்கட போன் நம்பர எழுதி வச்சிரிக்காள். தெருவால போற ஆக்களெல்லாம் வாசிக்கலாம், அவ்வளவு பெரிசு."

கனடாவில் ஆளிருக்கும் வீடு என்று கதவிலேயே எழுதுவதா? காசு கேட்கிறவனும் வருவான், விசாரிக்கிறவனும் வருவான். "இவ்வளவு பெரிசா ஏன்கா மகள் எழுதின?" என்று கேட்டேன்.

சாந்தினி கார்க் கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா கண்ணாடிய விட்டுட்டுத்தானே போனவர். சின்னனா எழுதினா அவருக்குத் தெரியுமா?"

அதன்பிறகு நாங்கள் இரண்டு தடவை வீடு மாறிவிட்டோம். இரண்டு தடவையும் தொலைபேசிக் கொம்பனிப் பெண் நினைவில் வைக்க லேசான புது எண் தருகிறேன் என்றாள். பழைய எண்தான் வேண்டும் என்றபோது, அதில் என்ன விசேஷம் என்று கேட்டாள். ஊரில் ஒரு கதவில் எழுதியிருக்கிறது என்றேன். ஏதோ வியாபாரத்துக்கு விளம்பரப் பலகை வைத்திருக்கிறேன் என்று விளங்கிக்கொண்டு, வியாபாரம் நன்றாக நடக்க வாழ்த்தினாள். அந்த எண் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குள் மட்டும்தான் செல்லும். நண்பர்கள் மலிவான காணியைத் தேடி வடக்கே போய் வீடு வாங்கிவிட்டார்கள். நாங்கள் இந்த நாலு தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். செலவு என்று கேட்டால் இதையும் அதில் சேர்க்கவேண்டும்.

போன வாரம் யோகத்தின் தம்பி கூப்பிட்டான். மாரி மழையில் ஒவ்வொரு வருடமும் எண் மங்கிவிடும். அவன்தான் அதன்மேல் மறுபடி நீலம் தீட்டுகிறவன். இந்த முறை கதவின் அடிப்பலகை உக்கிப் புதுக்கதவு போடவேண்டியிருக்கிறதாம். எண்ணை எழுதுவதா விடுவதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சாந்தினி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். அவள் இப்போது ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். குடியுரிமைப் படிவத்தில் தகப்பன் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டவள். பெட்டிக்குள் நான் பத்திரப்படுத்தியிருக்கும் மரணச் சான்றிதழில் தருமண்ணனுக்கு வயது நாற்பத்தொன்று, அதற்குமேல் கூடுவதில்லை.

"பழைய கதவில இரிக்கிற நம்பர வாசிங்க மாமா," என்றாள். அவன் அங்கே ஆற்றோரத்து வாசலில் நின்று ஒவ்வோர் இலக்கமாக வாசித்தான். அவள் இங்கே, எங்கள் தொலைபேசியில் ஒட்டியிருக்கும் எண்ணின்மேல் விரலை வைத்துச் சரிபார்த்தாள்.

"சரிதான் மாமா. புதுக்கதவில இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதுங்க. அவருக்கு இப்ப வயசு போயிரிக்கும்."